மாமியாரைக் கொன்ற வாய்மொழித் தேர்வு

— முதல்ல யாரைச் சாகடிச்ச, அதுலேர்ந்து ஆரம்பி.

— ரோட்டைப் பாரு நெஸ்டா. நான் யாரையும் சாகடிக்கல.

— எங்கம்மாவைச் சாகடிச்ச. ஜூன் மாசம் பதினொண்ணாம் தேதி, யுனிவர்சிட்டி ரெண்டாவது மாடியில, எங்க வெல்ஷ் பாஷை வாய்மொழித் தேர்வுல. இன்னைக்கு மறுதேர்வு. அன்னைக்குக் கேள்வி கேட்ட அதே அம்மாதான் எதிர்ல உக்காரப் போறாங்க. முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும், கிளைவ். "உங்க மாமியார் எப்படி இருக்காங்க?" என்ன சொல்வ? வெல்ஷ்ல சொல்லு.

— நன்றி. அவர் நலமாக இருக்கிறார். நான் தவறு செய்துவிட்டேன். மன்னிக்கவும். இன்று வானம் மேகமூட்டமாக உள்ளது.

— வானம் எதுக்கு நடுவுல வந்துச்சு?

— தெரியல. பயந்தா வானத்துக்குப் போயிடுறேன். என் வெல்ஷ்ல பாதி வானிலை அறிக்கைதான்.

— இங்கிலீஷ்ல மூச்சு விடாமப் பேசற மனுஷன், வெல்ஷ்னு வந்தா கல்வெட்டு படிக்கிற மாதிரி படிக்கிற.

— கல்வெட்டாவது தப்பில்லாம இருக்கும். எல்லாம் நான் செஞ்ச பாவம். இருபத்திநாலு வருஷம் டிரைவிங் எக்ஸாமினர் வேலை பார்த்தேன். நியூபோர்ட்ல பாதிப் பேரை ஃபெயில் பண்ணியிருக்கேன். ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க, நான் பக்கத்துல உக்காந்து பேனாவுக்கு மூடி மாட்டுவேன். அது சும்மா விடுமா? அம்பத்திமூணு வயசுல பதினெட்டு வயசுப் பிள்ளைங்க நடுவுல கொண்டு வந்து உக்கார வெச்சிருச்சு. என்னை 'அப்பா'ன்னு கூப்பிடுறாங்க. முதல் வாரம் ஒரு பொண்ணு எனக்கு ஒரு குஷன் கொண்டு வந்து நாற்காலியில போட்டுச்சு.

— காலை எடு.

— எந்தக் காலை?

— வலது காலை. அங்க பிரேக் கிடையாது.

— பழக்கம். அந்த வளைவுக்கு நீ மூணாவது கியருக்கு வந்திருக்கணும்.

— கிளைவ்.

— சரி, சரி. வாயை மூடிக்கிறேன்.

— வாயை மூடாத, அதானே உன் வியாதி. ஜூன்ல நடந்ததை வரிசையா சொல்லு. இன்னைக்கு எந்த இடத்துல வழுக்கும்னு பாக்கலாம்.

— அதைத்தான் எல்லாருக்கும் பதினஞ்சு வாட்டி சொல்லியாச்சே.

— அது சிரிக்கிறதுக்குச் சொன்னது. இது படிக்கிறதுக்கு.

— உள்ள போய் உக்காந்தேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போனது "என் பொழுதுபோக்கு". டென்னிஸ் பத்தி மூணு பக்கம்.

— நீ டென்னிஸ் ஆட மாட்டியே.

— வெல்ஷ்ல ஆடுவேன். ஆறாவது பாடம் டென்னிஸ். எனக்குத் தெரிஞ்ச வார்த்தைகளுக்குள்ள ஒரு வாழ்க்கையைத் தைச்சுப் போட்டுக்கிட்டேன். வெல்ஷ் பேசற கிளைவ் டென்னிஸ் ஆடுவான், தினம் காலைல நீச்சலடிப்பான், வெள்ளை நாய் வளர்க்கிறான். பீரைத் தொட மாட்டான். எந்த வகையில பார்த்தாலும் என்னைவிட உசத்தி. நீ அவனைக் கட்டியிருக்கலாம்.

— யோசிக்கிறேன். அப்புறம்?

— அந்த அம்மா டென்னிஸ் பக்கமே வரல. உங்க ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வியைத்தான் கேட்டாங்க. எந்த ஊர், யார் வீட்டுப் பையன். நியூபோர்ட்னேன். முகத்துல ஒண்ணும் ஓடல. பொண்டாட்டி ட்ரெகாரன் பக்கம், ப்ளைன்நாந்த் பண்ணைன்னு வாய் விட்டேன். அவ்வளவுதான். நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. "கைன்வென் மருமகனா? நானும் அவங்களும் ஒரே பாட்டுக் குழுவில பாடினவங்க. எப்படி இருக்காங்க?"

— "நலம்"னு சொல்ல வேண்டியதுதானே. அது முதல் வாரமே சொல்லிக் குடுத்திருப்பாங்களே.

— உண்மையைச் சொல்லணும்னு தோணிருச்சு, அதான் வினை. உங்கம்மா அப்ப இடுப்பெலும்பு மாத்தி ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. இடுப்புக்கு வெல்ஷ்ல என்னன்னு தேடினேன், வரல. எலும்பு வரல. ஆபரேஷன் வரல. நான் முழிக்கிற முழியைப் பார்த்து அந்த அம்மாவுக்கு முகம் மாறிருச்சு. "என்ன ஆச்சு?"ன்னு கையைப் பிடிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே சோகம் பதினோராம் பாடத்துல இருந்துச்சு.

— "அவர் இறந்துவிட்டார்."

— "அமைதியாக"ன்னும் சேர்த்தேன். அதுக்குக் கூட ரெண்டு மார்க் வரும்னு.

— அடப்பாவி.

— அதோட நிறுத்தியிருக்கலாம். அந்த அம்மா கைக்குட்டையை எடுத்தாங்க. பக்கத்துல மார்க் போடற பையன் பேனாவைக் கீழ வெச்சான். அடக்கம் எப்போன்னு கேட்டாங்க. நெஸ்டா, எனக்குக் கிழமையும் மணியும் நல்லா வரும், வகுப்புலயே நான்தான் முதல். "சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு." ஒரு கேள்விக்காவது முழுசாப் பதில் சொல்லிட்டோம்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

— "அனைவரும் வருக."

— அது கல்யாணப் பத்திரிகைப் பாடம். வேகத்துல வந்துருச்சு.

— சனிக்கிழமை ரெண்டு மணிக்குப் பதினேழு பேர், கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, எங்க வீட்டு முற்றத்துல.

— உங்கம்மா வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ரெண்டு ஊன்றுகோலோட அவங்களே போய்க் கதவைத் தொறந்தாங்க. ஒருத்தர் தொப்பியைக் கழட்டினவர் மறுபடி போட்டுக்கிட்டார்.

— அம்மாவுக்கு அதெல்லாம் பெருசாத் தெரியல. அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு ஹாம் கறி இல்லாம வெறும் டீ எப்படிக் குடுக்கிறதுன்னுதான் கவலை.

— என்னைத்தானே கடைக்கு அனுப்பினாங்க. மாமியார் இழவுக்கு, மாமியாரே கையால எழுதிக் குடுத்த சாமான் லிஸ்ட்டோட, போய் வரிசையில நின்னேன். இப்படி ஒரு மருமகன் இந்த நாட்டுல வேற எவனும் கிடையாது.

— சந்தோஷமாத்தான் இருந்தாங்க. யாருக்குக் கிடைக்கும், உயிரோட உக்காந்து எல்லாரும் தன்னைப் பத்தி நல்லது பேசறதைக் கேக்க. பாட்டுக் கூடப் பாடினாங்க.

— வராதவங்க பேரையெல்லாம் எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்காங்களே, அதைப் பார்த்தியா? நான் பால் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் படிக்கிறேன்.

— சரி. ஃபெயில் எதுக்குப் போட்டாங்க?

— மிச்சம் இருந்த நேரம் பூரா அந்த அம்மா உங்கம்மாவைப் பத்தி நல்ல நல்ல கதையா சொன்னாங்க. நான் "நன்றி" சொன்னேன். திருப்பி "நன்றி" சொன்னேன். பதினோரு "நன்றி"க்கு எவன் பாஸ் போடுவான்? நானா இருந்தாலும் பேனாவுக்கு மூடி மாட்டியிருப்பேன்.

— இன்னைக்கும் விழுந்தா?

— வெளியதான். மூணாவது வருஷம் கிடையாது. இன்னும் மூணு வாரத்துல பிள்ளைங்க எல்லாம் மேல போயிடும், ஜப்பான்லேர்ந்து வந்த பொண்ணு உள்பட. அது வெல்ஷ்ல கவிதை எழுதுது. நான் வேலையை விட்டாச்சு, நியூபோர்ட் வீட்டை வித்தாச்சு, உங்கம்மா வீட்டு மாடியில குடியிருக்கோம். எதுக்கு வந்தேன்னு ஒருத்தன் கேட்டா, ஹாம் வாங்க வந்தேன்னுதான் சொல்லணும்.

— அதெல்லாம் விடு. இப்ப நான்தான் அந்த அம்மா. நான் வெல்ஷ்ல கேக்கறேன், நீ வெல்ஷ்ல சொல்லு. காலை வணக்கம், கிளைவ். உட்காருங்கள்.

— வேண்டாம் நெஸ்டா.

— ஏன்?

— உன்கிட்ட எனக்கு வராது. உன் வாயிலேர்ந்து அது வந்தா, யாரோ ஒரு பொம்பளை நம்ம கார்ல ஏறிட்ட மாதிரி இருக்கு.

— எனக்கு மட்டும் என்னவாம்? நீ "காலை வணக்கம்"னா இன்சூரன்ஸ் விக்க வந்த ஆள் மாதிரி இருக்கு. நாம முதல்ல பேசினது கார்டிஃப் பஸ் ஸ்டாண்டுல, இங்கிலீஷ்ல. முதல்ல எதுல பேசினோமோ கடைசி வரைக்கும் அதுதான். எங்க பக்கம் எல்லார் கதையும் இதுதான். எங்கப்பாவோட தம்பியும் அவர் சிநேகிதரும், ரெண்டு பேருக்கும் வீட்டுல வெல்ஷ்தான். பட்டாளத்துல இங்கிலீஷ்ல அறிமுகம் ஆனாங்க. திரும்பி வந்து பக்கத்துப் பக்கத்துப் பண்ணையில நாப்பது வருஷம் இங்கிலீஷ்லயே பேசி, இங்கிலீஷ்லயே சண்டை போட்டு, செத்தும் போனாங்க. மாத்தணும்னு ரெண்டு பேருக்கும் ஆசைதான். வெக்கம் விடல.

— ஏன் மெதுவாப் போற?

— முன்னாடி பாரு. எம்லின் மாமாவோட ஆடுங்க. ரோடு முழுக்க.

— மணி எட்டு நாப்பது. பத்து மணிக்கு நான் அங்க உக்காந்திருக்கணும். ஹாரன் அடி.

— எங்க ஊர்ல ஆட்டைப் பார்த்து ஹாரன் அடிச்சவனோட ரெண்டு தலைமுறைக்குப் பேச மாட்டாங்க. கண்ணாடியை இறக்கறேன். நான் வெல்ஷுக்குப் போறேன், நீ கொஞ்சம் பொறுத்துக்க. என்ன எம்லின் மாமா, நடு ரோட்டுலயே சந்தையைப் போட்டுட்டீக?

— ஏத்தா நெஸ்டா, நீயா? கீழ வயலுக்கு மாத்துறேன்த்தா. நாய்க்குக் கால்ல அடி. ஒத்தையில மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஆத்தா எப்பிடி இருக்காக?

— நல்லாருக்காக. நேத்துக் கோழிக் கொட்டாய் வரைக்கும் நடந்து போனாக. உங்க பேரு பிரிட்ஜ்ல ஏறிருக்கு மாமா. நாலாவது பேரு.

— அதை நெனச்சுத்தான்த்தா எனக்குச் சோறே எறங்கல. உங்காத்தா அடக்கத்தன்னிக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆளுக வந்து நின்னுட்டாக. விட்டுட்டு வர முடியல. ஆத்தாகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லு. அடுத்த தடவை மொத ஆளா வந்து நிப்பேன்.

— அதை நீங்களே வந்து சொல்லுங்க. எனக்கு எதுக்கு வம்பு.

— பக்கத்துல யாரு, வீட்டுக்காரரா? இனிய காலை, சார். இன்று அருமையான வானிலை. எங்கள் மலைகள் உங்களுக்குப் பிடித்திருக்கின்றனவா?

— பார்த்தியா நெஸ்டா. ஆடு, நாய் எல்லாத்துக்கும் வெல்ஷ். என் மூஞ்சியைப் பார்த்ததும் இங்கிலீஷ்.

— அதுக்கு நான் என்ன பண்றது? உனக்கு வாய் இல்லையா?

— ஐயா. நான் வெல்ஷ் பேசுகிறேன். சிறிதளவு. மாமியாரைக் கொன்றது நான்தான்.

— அட, அது நீதானாய்யா? ட்ரெகாரன் சந்தையில பூராவும் ஒம் பேச்சுதான். நான் யாரோ பெரிய கொம்பன்னுல்ல நெனச்சேன். எந்த ஊருய்யா ஒனக்கு?

— நியூபோர்ட்.

— ம். அதுவும் ஒரு ஊருதான். யாரு மகன்?

— ரெஜ் என்பவரின் மகன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் இறந்துவிட்டார். இவர் உண்மையாகவே இறந்துவிட்டார்.

— பாவமே. சரி, கையும் காலும் நல்லாத்தான இருக்கு? எறங்கு. அந்தா வேலியில ஒரு சந்து தெரியுதா, அதுல போயி நில்லு. கையை அகட்டிக்கிட்டு நில்லு. ஒண்ணு நொழைஞ்சா அம்புட்டும் நொழைஞ்சிரும்.

— மாமா, அவருக்குப் பத்து மணிக்குப் பரீட்சை.

— ஆடு போனாத்தான்த்தா ரோடு. ரோட்டுல போனாத்தான பரீட்சை.

— ஐயா, ஆட்டிடம் நான் என்ன கூற வேண்டும்?

— வாய்க்கு வந்ததைச் சொல்லுய்யா. அதுக என்ன மார்க்கா போடப் போகுது?

— செல்லுங்கள். தயவுசெய்து... போ. போ அந்தப் பக்கம். ஏய், கறுப்பு மூஞ்சி, எங்க வர? இங்க ஒண்ணும் இல்ல. உன் ஆளுங்க எல்லாம் அங்க போறாங்க. திரும்பு. திரும்புன்னு சொல்றேன்ல.

— கிளைவ், இந்தப் பக்கம். ஒரு குட்டி பம்முது பாரு.

— பார்த்துட்டேன். நீ அங்கயே நில்லு, நெஸ்டா. ஏய், உன்னைத்தான். மாமியாரையே கொன்னவன் நான். நீ எம்மாத்திரம்? போ.

— அம்புட்டுத்தான்யா, கேட்டைச் சாத்து. கொக்கியை மாட்டு. ஆகா, சேத்துல ரெண்டு தடவை விழுந்தாலும் வேலியை விடலையே. நியூபோர்ட்காரன்னு சத்தியம் பண்ணாத்தான் நம்ப முடியும். நேரமாச்சு, போங்க ரெண்டு பேரும்.

— வாரேன் மாமா. ஏறுய்யா மனுசா, சேத்தோடயே ஏறு. மணி ஒம்பது அஞ்சு.

— கால் சட்டையைப் பாரு. முட்டி வரைக்கும் சேறு.

— வாயிலதான பரீட்சை? பெல்ட்டைப் போடு.

— அவர் என்னை "சார்"னு சொன்னார்.

— மரியாதைக்குச் சொன்னாக.

— மரியாதை. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். இருபத்தோரு வருஷம் பார்த்துட்டேன்.

— இப்ப எதுக்கு எகிறுற? எங்கிட்ட என்ன கோவம்?

— உங்கம்மா அடுப்படி. நீங்க எல்லாம் பேசறீங்க. சிரிக்கிறீங்க. நான் கதவைத் திறக்கிறேன். எல்லாரும் நிறுத்தறீங்க. "வா கிளைவ், டீ வேணுமா?" இங்கிலீஷ். உங்க அண்ணன் பையன், ஆறு வயசு. அவனும் நிறுத்தறான். பூனைக்குக் கழுத்துல கட்டுவாங்களே, சின்னதா, சத்தம் வரும். அது என்ன?

— மணி.

— மணி. என் கழுத்துல அது இருக்கு. நான் வந்தா சத்தம் வரும். உடனே எல்லாரும் மாறுவீங்க.

— ஏ மனுசா, அது ஒனக்காகத்தானய்யா. எங்கப்பா போட்ட சட்டம் அது. ஒரு ஆளு புரியாம உக்காந்திருக்கப்ப அவனுக்குப் புரியாததைப் பேசுறது, சோத்தை ஒளிச்சு வெச்சுத் திங்கிற மாதிரின்னு சொல்லுவாக. எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் பேசுனா தாடை நோகும். அப்பிடியும் ஒனக்காகப் பேசுனாக. எங்க ஆளுக ஒருத்தருக்கு இம்புட்டு எறங்கி வந்து நான் பார்த்ததில்ல. நீ என்னன்னா மணிங்கிற, பூனைங்கிற.

— எனக்குத் தெரியும். உங்கம்மா கஷ்டப்படறாங்கன்னு தெரியும். அதனாலதான் படிக்க வந்தேன்.

— பொய்யி. மூளைக்கு நல்லதுன்ன. வேலையை விட்டா சும்மா உக்காரக் கூடாதுன்ன. எங்கம்மா பேரையே நீ எடுக்கல.

— ஆமா. பொய்.

— நெசத்தைச் சொல்லு.

— ரோட்டைப் பாரு.

— ரோடு எங்கயும் ஓடிறாது. சொல்லு.

— நியூபோர்ட்ல, ஞாயித்துக்கிழமை, நீ உங்கம்மாகிட்ட போன்ல பேசுவ. நான் மாடிப்படியில உக்காந்து கேப்பேன். உனக்குத் தெரியாது.

— மாடிப்படியிலயா? எத்தனை நாளா?

— எல்லா ஞாயித்துக்கிழமையும். ஒண்ணும் புரியாது. ஆனா நீ சிரிப்ப. பெருசா. என்கிட்ட அப்படிச் சிரிச்சது இல்ல. வேகமாப் பேசுவ. திட்டுவ. கெட்ட வார்த்தை பேசறன்னு நினைச்சேன்.

— பேசுவேன். நெறையப் பேசுவேன்.

— அந்த நெஸ்டாவை எனக்குத் தெரியாது. நான் கல்யாணம் பண்ணது பாதி. இன்னொரு பாதி போன்ல இருந்துச்சு. எனக்கு அவ வேணும். அதுக்குத்தான் படிச்சேன்.

— இதை ஏன்யா இத்தனை வருசத்துல ஒரு நாளும் சொல்லல?

— சொல்ல வாயைத் திறப்பேன். ஜோக் வந்துடும். நீ சிரிப்ப. அதோட போயிடும்.

— நான் ஒண்ணு சொல்றேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப் பிடாது.

— சொல்லு.

— நீ வீட்டுல வெல்ஷ் பேசிப் பார்த்தப்பல்லாம் நான் வேணும்னேதான் மாத்தினேன். நீ தப்புத் தப்பாப் பேசுறன்னு இல்ல. எனக்கு வெக்கமாப் போச்சு. நான் கட்டுனவன் வாயாடி. எந்தக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வெப்பான். வெல்ஷ்ல வந்து நின்னவன் டென்னிஸ் ஆடுறேங்கான், வானம் மேகமா இருக்குங்கான். எங்க ஆளுக முன்னால அவனை நிறுத்த எனக்கு மனசு வரல. நெஸ்டா ஒரு அசட்டைப் பிடிச்சுக் கட்டியிருக்கான்னு சொல்லிருவாகளோன்னு பயந்தேன். அந்த அசட்டை மறைக்கிறதா நெனச்சுக்கிட்டு ஒன்னை வெளிய நிறுத்திட்டேன்.

— அவன் அசடுதான்.

— அசடுதான்.

— எனக்கும் அவனைப் பிடிக்காது. அந்த நாயும் எனக்குப் பிடிக்காது. ஆனா உங்கம்மா அடுப்படிக்குள்ள அவன்தான் போக முடியும். நான் போக முடியாது. அவன் போகட்டும். அசடாப் போகட்டும். நான் அவன் பின்னால வரேன்.

— அழ வெக்காதய்யா. வண்டி ஓட்டுறேன்.

— ரெண்டாவது கியர் போடு. மேடு.

— ஒன் கியரைத் தூக்கி ஆத்துல போட. நீ எம்புட்டுப் பேரை இப்பிடிப் பாடாப் படுத்திருப்ப, அந்த வேலையில?

— ஒரு பொம்பளை என்னைப் படுத்தினா. அது சொல்லியிருக்கேனா?

— இல்லையே.

— பெரிய பொம்பளை. மீன் கடை வெச்சிருந்தா. டெஸ்ட்ல, நான் திடீர்னு டேஷ்போர்டை அடிக்கணும். அவ உடனே பிரேக் போடணும். அதான் விதி. நான் அடிச்சேன். அவ பிரேக் போட்டா. நல்ல பிரேக். அப்புறம் என் கையில ஒரு அடி. "என் வண்டியை அடிக்காத."

— நெசமாவா?

— "இது விதி அம்மா"ன்னேன். "உன் விதியை உன் வண்டியில வெச்சுக்க"ன்னா. "இன்னொரு வாட்டி அடிச்சா இறக்கி விட்டுடுவேன்"னா. நான் இன்னொரு வாட்டி அடிச்சேன்.

— ஏன்யா?

— முதல் தடவை நான் எழுதிக்கல. பேனாவுல மூடி இருந்துச்சு.

— ஐயோ. எறக்கி விட்டுட்டாளா?

— இறக்கி விட்டா. மழை. ரெண்டு மைல். கையில அவளோட பேப்பர். நான் நடந்து ஆபீஸ் போனேன். அவ எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கா. டீ குடிக்கிறா. "பாஸா, ஃபெயிலா?"ன்னு கேக்கறா.

— ஐயோ, போதும், வயிறு நோகுது. என்ன போட்ட?

— பாஸ். பிரேக் நல்லா இருந்துச்சே. நெஸ்டா, ஓரமா நிறுத்திட்டுச் சிரி. லாரி வருது. நெஸ்டா. இதுதான்.

— எது?

— இந்தச் சிரிப்பு. மாடிப்படியில கேட்டது. இதுதான்.

— இரு. வண்டியை ஓரங்கட்டுறேன்.

— ஏன் சிரிப்பை நிறுத்திட்ட? என்ன ஆச்சு? ஏன் என்னை அப்படிப் பார்க்கற?

— ஒண்ணுமில்ல.

— முகம் ஒரு மாதிரி இருக்கு.

— ஒண்ணுமில்லய்யா. நீ பேசு. நிறுத்தாமப் பேசிக்கிட்டே வா.

— என்ன பேச?

— எதையாச்சும். ஒங்கப்பாவைப் பத்திச் சொல்லு. அந்தக் கிரேனைப் பத்திச் சொல்லு.

— ரொம்ப உயரம். என்னை ஒரு தடவை மேல கூட்டிட்டுப் போனார். எனக்கு ஏழு வயசு. அம்மாகிட்ட சொல்லாதன்னார். மேலேர்ந்து பார்த்தா ஆறு, கடல், கப்பல் எல்லாம் தெரியும். அவர் மதியச் சாப்பாடு அங்கதான் சாப்பிடுவார். பாதி ரொட்டி எனக்குக் குடுத்தார். நான் பயத்துல அழுதேன். அவர் சிரிக்கல. என் கையைப் பிடிச்சு ஒரு கம்பியில வெச்சு, "இதைப் பிடிச்சுக்க, இது அசையாது"ன்னார். எனக்கு அப்பா ரொம்ப ஞாபகம் வரார், நெஸ்டா. நான் இந்தப் பரீட்சைக்கு வரது அவருக்குப் பிடிச்சிருக்கும். சிரிச்சிருப்பார். அப்புறம் எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லியிருப்பார்.

— டென்னிஸை விட்டுட்டு இதைப் போயி அந்தம்மாகிட்டச் சொல்லு.

— இதுக்கு எல்லாம் எங்க எனக்கு வார்த்தை இருக்கு?

— வந்தாச்சு. அந்தா கட்டடம். எறங்கு.

— நெஸ்டா, என்னால முடியாது.

— என்ன முடியாது?

— இருபது நிமிஷம். அந்த அம்மா எதிர்ல. முழுசா வெல்ஷ். என் வாழ்க்கையில ஒருத்தர்கிட்ட நான் அதுல அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்பல பேசினதில்ல. ஃபெயில்தான். திரும்பிப் போயிடலாம். உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.

— எம்லின் மாமா கேட்டை நீ சாத்துறப்ப மணி என்ன?

— ஒன்பது அஞ்சு.

— இப்ப?

— ஒன்பது நாப்பத்தஞ்சு. எதுக்குக் கேக்கற?

— அந்தக் கேட்லேர்ந்து இங்க வர வரைக்கும் நீயும் சரி நானும் சரி, ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல பேசல, கிளைவ்.